பக்கத்தில் யார் இருந்தார்கள்

திண்டுக்கல்லில் வளர்ந்த கத்தோலிக்கப் பிள்ளைக்கு, சூசையப்பர் நல்ல மரணத்தின் பாதுகாவலர் என்று தனியாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரின் பெரிய கோயிலே அவர் பெயரில்தான் இருக்கிறது. 1866இல் கட்டத் தொடங்கி 1872இல் முடித்த கோயில். 2003இல் திருச்சியிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மறைமாவட்டமானபோது அது பேராலயமாயிற்று. ‘புனித வளனார் பேராலயம்’ என்று எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் அது எப்போதும் சூசையப்பர் கோயில்தான். இரவு ஜெபத்தின் முடிவில் நல்ல மரணத்துக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லாமல் எங்களில் யாரும் பாய் விரித்ததில்லை. நல்ல மரணம் என்றால் என்னவென்று பாட்டி விளக்கியிருந்தாள்: சாமியார் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டு, அவஸ்தை எண்ணெய் பூசி, நற்கருணை என்னும் நன்மை கொடுத்து, வீட்டார் சுற்றி நின்று ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போது உயிர் அடங்குவது. கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த படத்தில் சூசையப்பர் கட்டிலில் சாய்ந்திருப்பார். ஒரு பக்கம் இயேசு, மறுபக்கம் மாதா.

அப்பாவுக்கு அப்படி வாய்க்கவில்லை.

1987, தவக்காலம். அப்பா பூட்டுப் பட்டறையில் வேலை செய்தார். திண்டுக்கல் பூட்டு கைவேலை. தகட்டை வெட்டி, லீவர்களை ஒவ்வொன்றாக அராவி, அந்த ஒரு பூட்டுக்கென்றே சாவியையும் அரத்தால் தேய்த்துப் பொருத்த வேண்டும். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குள் எத்தனையோ பட்டறைகள் மூடிவிட்டன. அப்பாவின் கைரேகைகளில் இரும்புத்தூள் ஏறியிருக்கும். சனிக்கிழமை இரவு எலுமிச்சைத் தோலை வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பார். ஞாயிறு பூசையில் நன்மை வாங்கும்போதும் அந்தக் கருப்பு அப்படியே இருக்கும். ஒரு நாள் முற்பகலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பட்டறையிலேயே சரிந்தார். வண்டி வருவதற்குள் போய்விட்டார். சாமியாருக்கு ஆள் அனுப்பக்கூட நேரமில்லை.

அம்மாவுக்கு அப்போது நாற்பது வயதுகூட இல்லை. நான் பத்தாவது, தம்பி ஆறாவது. அடக்கம் முடிந்து வந்த இரவிலிருந்து அவள் ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். “அவஸ்தைகூடக் கெடைக்காமப் போயிட்டாரே.” சோற்றுக்கு என்ன செய்வது, பிள்ளைகளை எப்படிப் படிக்க வைப்பது என்பதெல்லாம் அவள் வாயில் வரவில்லை. கைவிடப்பட்டுச் செத்தார் என்ற எண்ணம் அவளை அரித்தது. வருகிறவர்கள் ஆறுதல் சொன்னார்கள். ஆண்டவருடைய சித்தம் என்றார்கள். நல்லவர்களை அவர் சீக்கிரம் அழைத்துக்கொள்வார் என்றார்கள். இதைவிடப் பெரிய சிலுவையைச் சுமந்தவர்கள் உண்டு என்று ஒருவர் கணக்கெல்லாம் சொன்னார். யாரும் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் அம்மா இன்னும் கொஞ்சம் சுருங்கிப்போவதைப் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். துக்க வீட்டில் கடவுளுக்காக வாதாடுகிறவர்கள் மேல் எனக்கு இன்றுவரை கோபம் உண்டு. அவருக்கு வக்கீல் தேவையில்லை.

எட்டாம் நாள் பூசை முடிந்து ஓய்வுபெற்ற பழைய உபதேசியார் வந்தார். எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவர். பேச்சு தளர்ந்துவிட்டிருந்தது. அம்மா அவரிடமும் அதையே சொல்லி அழுதாள். அவர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

“ஏம்மா, சூசையப்பருக்கு எந்தச் சாமியார் வந்து அவஸ்தை பூசினாரு?”

அம்மா நிமிர்ந்தாள்.

“பக்கத்துல யாரு இருந்தாங்கங்கறதுதாம்மா அவரு சாவுக்குப் பேரு வாங்கிக் குடுத்துச்சு. ஒம் புருசன் பக்கத்துல யாரு இருந்தா? கேட்டியா?”

அம்மா கேட்டிருக்கவில்லை. யாருக்குமே அது தோன்றவில்லை. மறுநாள் தம்பியை அனுப்பி, பேகம்பூர் பாயை வரச் சொன்னாள். அப்பாவும் அவரும் பல வருசமாக ஒரே பலகையில் எதிரெதிரே உட்கார்ந்து அராவியவர்கள். பாய் சாயங்காலத் தொழுகை முடித்து வந்தார். உள்ளே வரச் சொல்லியும் திண்ணையோரமாகவே உட்கார்ந்தார். கூப்பிட்டதே அவருக்குப் பயம்போலிருந்தது.

“மடியிலதான் தங்கச்சி தலைய வச்சிருந்தேன். தண்ணி கேட்டாரு. குடிக்க முடியல, துண்ட நனைச்சு வாயில புழிஞ்சேன். அந்தப் பெட்டிப் பூட்டுக்கு லீவர் போட்டாச்சான்னு கேட்டாரு. ஆச்சுண்ணே, நீங்க சும்மா இருங்கன்னேன்.” கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு, யாருடைய முகத்தையும் பார்க்காமல் சொன்னார். “அப்பறம் சேசு, மரின்னு ஆரம்பிச்சாரு. மூச்சு வாங்குச்சு, முடிக்க வரல. வேல பாக்கும்போது எப்பவும் வாய்க்குள்ள சொல்லுவாருல்ல, எனக்கே பாடமாயிருச்சு. சூசைன்னு நான்தான் சொல்லி முடிச்சேன். தப்பாம்மா?”

சேசு மரி சூசை என்பது நல்ல மரணத்துக்காக எங்களவர் சொல்லும் சின்ன ஜெபம். பாட்டி எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முதல் ஜெபமும் அதுதான். அம்மா அன்றைக்கு அழுத அழுகை வேறு. எட்டு நாளும் அழுததெல்லாம் தொண்டைக்கு மேலிருந்து வந்தது. இது வயிற்றிலிருந்து வந்தது. பாய் எழுந்து போகப் பார்த்தார், பாட்டி அவரைக் கையமர்த்தி உட்காரவைத்து, “நீங்க தப்பு ஒண்ணும் பண்ணலய்யா” என்றாள். அன்றிரவு அம்மா சாப்பிட்டாள்.

பின்னாளில் கல்லூரியில் தேம்பாவணி படித்தபோது அந்தச் சாயங்காலம்தான் என் நினைவுக்கு வந்தது. வீரமாமுனிவர் 1726இல் முடித்த காப்பியம், 3,615 பாடல்கள். பாட்டுடைத் தலைவன் வளன், எங்கள் சூசையப்பர். சுவிசேஷங்களில் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. எங்கே எப்படி இறந்தார் என்றும் அவற்றில் இல்லை. இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்ற அந்தத் துறவி, பேசாத அந்தத் தச்சருடைய நோயையும் மரணத்தையும் விரித்துப் பாடியிருக்கிறார். திண்டுக்கல்லில் இயேசு சபையில் சேரும் இளைஞர்கள் தங்கிப் பயிலும் இல்லத்துக்கு அந்தத் துறவியின் பெஸ்கி என்ற இயற்பெயர்தான். நான் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் காப்பியத்துக்கு முன்னால் உபதேசியார்தான் நினைவுக்கு வருவார். வீரமாமுனிவருடைய பாடல்களை அவர் படித்திருந்தாரா, தெரியாது. அவற்றின் மையத்தில் இருப்பதை அவர் தொட்டுவிட்டார்.

ஆனால் ஒரு சாயங்காலத்தில் துக்கம் தீர்ந்துவிடுமா? அம்மா பூக்கட்டப் போனாள். நிலக்கோட்டையிலிருந்து மல்லிகை வந்து இறங்கும், முழத்துக்கு இவ்வளவு என்று கூலி. விடிகாலையில் உட்கார்ந்தால் விரல் நுனி வெந்து வெளுத்துப்போகும்வரை கட்டுவாள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு முந்தைய இரவுதான் வருசத்திலேயே அதிக வேலை. செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் மூட்டை மூட்டையாக வந்திருக்கும். ஊரார் கல்லறைக்கெல்லாம் விடியவிடிய மாலை கட்டிவிட்டு, மிச்சம் கிடந்த உதிரியை மடியில் கட்டிக்கொண்டு அப்பாவிடம் போவாள். சாமியார் கல்லறைகளை மந்திரித்துக்கொண்டு எங்கள் வரிசைக்கு வரும்போது அவள் நின்றபடியே தூங்கிக்கொண்டிருப்பாள்.

அந்த முதல் வருசம் முழுக்க எங்கள் வீட்டுக்குச் சாயங்காலந்தோறும் ஒரு பெண் வந்தார். தெருக்கோடி வீடு. பல வருசத்துக்கு முன் அவருடைய மகன் கிணற்றில் விழுந்து இறந்திருந்தான். அதிகம் பேச மாட்டார். வருவார், சுவரோரம் உட்காருவார், செபமாலையை எடுப்பார், ஐம்பத்து மூன்று மணியும் முடிந்ததும் “வர்றேன் மதினி” என்று கிளம்புவார். மதினி முறையெல்லாம் கிடையாது, அழைத்தார், அவ்வளவுதான். அவர் வீட்டுச் சாவைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. திறக்க வேண்டியிருக்கவும் இல்லை. அவர் உள்ளே நுழைந்தாலே அம்மாவின் தோள் கொஞ்சம் இறங்கும். “அவ வந்து ஒக்காந்தாத்தான் எனக்கு மூச்சு சீரா வருது” என்று பாட்டியிடம் சொன்னாள்.

ஆகஸ்டில் அவர்தான் அம்மாவை முத்தழகுபட்டிக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே புனித செபஸ்தியார் திருவிழாவில் அசனம் பெரிய விசேஷம். ஆடும் கோழியும் அரிசியும் காய்கறியும் நேர்ச்சையாக வந்து குவியும். கிறிஸ்தவர்கள் மட்டும் கொடுப்பதில்லை, எல்லாச் சாமி கும்பிடுகிறவர்களும் வேண்டிக்கொண்டு கொடுப்பார்கள். பெரிய பெரிய அண்டாக்களில் சோறும் கறியும் வெந்து, ஆயிரக்கணக்கான பேர் வரிசை வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நீ யார், எதற்கு வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. துக்கம் நடந்த வீட்டுப் பெண் திருவிழாவில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடுவதா என்று அம்மா தயங்கினாள். “ஒன்ன யாரு பாக்கப்போறா” என்றார் அந்தப் பெண். அது உண்மை. நான் எதிர் வரிசையில் இருந்தேன். அம்மாவுக்கு இந்தப்பக்கம் பூட்டுப் பட்டறைக்காரர் மாதிரி இருந்த ஒரு ஆள், அந்தப்பக்கம் மொட்டை போட்ட கைக்குழந்தையோடு ஒருத்தி. அம்மாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டேயிருக்க, அவள் கை சோற்றைப் பிசைந்து வாயில் வைத்துக்கொண்டேயிருந்தது. பரிமாறுகிறவர் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிவிட்டுப் போனார்.

செபஸ்தியார் சுரூபத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மரத்தில் கட்டுண்ட உடம்பு, உடம்பெல்லாம் அம்பு. கொள்ளைநோய்க் காலத்தில் கூப்பிடுகிற புனிதர். காலரா கண்ட இந்தச் சமவெளிக் கிராமங்களில் அவருக்கு இத்தனை கோயில்கள் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் அவர் அம்பு பட்டுச் சாகவில்லை என்பது பலருக்குத் தெரியாது. தியோக்கிளேசியன் காலத்து ரோமையில், செத்துவிட்டான் என்று வீரர்கள் விட்டுப்போன உடலை எடுத்து அடக்கம் செய்ய இரவில் ஒரு பெண் வந்தாள். பெயர் இரேனம்மாள். அவளுடைய கணவர் கஸ்துலுஸும் அதே வேதகலாபனையில் கொல்லப்பட்டவர். பிணத்தை எடுக்க வந்தவள் மூச்சு இருப்பதைப் பார்த்தாள். வீட்டுக்குக் கொண்டுபோய் அம்புகளைப் பிடுங்கி, மருந்திட்டு, பிழைக்க வைத்தாள். பிழைத்தவர் மறுபடி அரசன் முன்னால் போய் நின்று, அடித்துக் கொல்லப்பட்டார் என்று வரலாறு போகிறது. எனக்கு அதில் அந்த விதவைதான் முக்கியம். புருசனைக் கொன்றவர்கள் இன்னும் ஆண்டுகொண்டிருக்கும் ஊரில், ராத்திரியில், இன்னொருவருடைய பிணத்தைத் தேடிப் போக அவளால் எப்படி முடிந்தது? அவள் இல்லாத செபஸ்தியார் சுரூபம் எனக்குக் குறையாகவே படுகிறது.

அப்பா போய் இரண்டு வருசம் கழித்து அம்மா மரியாயின் சேனையில் சேர்ந்தாள். பிராங்க் டஃப் என்பவர் 1921இல் டப்ளினில் தொடங்கிய இயக்கம். அவர் குருவானவர் இல்லை, அரசு அலுவலர். அதற்குச் சில கண்டிப்பான விதிகள் உண்டு. வாரா வாரம் நோயாளி வீட்டுக்கோ துக்க வீட்டுக்கோ போக வேண்டும். தனியாகப் போகக்கூடாது, இரண்டு பேராகத்தான் போக வேண்டும். போய் வந்ததைக் கூட்டத்தில் அறிக்கையாகச் சொல்ல வேண்டும். இன்னொரு விதி, பணமோ பொருளோ கொடுக்கக்கூடாது. அரிசி பருப்பு கொடுக்க வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது, சேனைக்காரர் வெறுங்கையோடு போக வேண்டியவர்கள். ஏழைகள் வீட்டுக்கு வெறுங்கையோடு போவதாவது என்று அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. அம்மாவோடு ஜோடியாகப் போகத் தொடங்கிய பிறகு புரிந்தது. கொடுப்பதற்குப் பை இல்லாதவர் உட்காரத்தான் வேண்டும், வேறு வழியில்லை.

அம்மா உட்கார மட்டும் செய்யவில்லை. திண்டுக்கல்லில் வாழ்ந்தவர்களுக்குத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டாம். ஆத்தூர் காமராசர் அணை வற்றினால் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்பது அப்போது யார் கையிலும் இல்லை. வாரம் ஒருமுறை வரும், கோடையில் பத்து நாளும் ஆகும். வருகிற அந்த ஒரு மணி நேரத்தில் பிடித்தால் உண்டு. துக்க வீட்டில் அந்த நேரத்தில் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க யாருக்கு வரும்? அம்மா எந்தத் தெருவுக்கு என்றைக்குத் தண்ணீர் என்று விசாரித்து வைத்துக்கொள்வாள். அந்த நாளில் அந்த வீட்டுக்குப் போவாள். செபமாலைக்கு முன்னால் குடங்கள். சருவப்பானை, பிளாஸ்டிக் டிரம், குழம்புச்சட்டி வரை நிரப்பிவிட்டு, சேலையைப் பிழிந்து உதறிக்கொண்டு வந்து உட்காருவாள். கூட்டத்தில் அறிக்கை சொல்லும்போது “ஜெபம் சொன்னோம்” என்பாளே தவிர, தண்ணீரைச் சொன்னதில்லை.

1991இல் வத்தலக்குண்டு சாலையில் ஒரு கிராமத்து வீடு. கந்துவட்டிக் கடன் தாங்காமல் அந்த மனிதர் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். மனைவிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். பழைய சட்டம், அதாவது 1917இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு, அப்படி இறந்தவர்களுக்குக் கோயில் அடக்கம் மறுத்திருந்தது. 1983இல் வந்த புதிய சட்டத்தில் அந்தத் தடை இல்லை. சட்டம் மாறினாலும் ஊர் வாய் மாறவில்லை. துக்கமணி அடிக்கலாமா கூடாதா என்று ஆண்கள் வாசலில் தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அந்தப் பெண்ணுக்கு எல்லாம் கேட்டது. ஒருத்தர் சத்தமாகவே நரகம் என்றார்.

அம்மா எழுந்து வெளியே போனாள். ஆண்கள் கூட்டத்தில் அவள் பேசி நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் பேசவில்லை. அவர்களைத் தாண்டி நடந்து பங்குச் சாமியார் வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் ஓடினேன். “தோத்திரம் சாமி. அந்தப் பிள்ளைக்கு மணிச்சத்தம் கேக்கணும்” என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. அவர் நடுத்தர வயதுச் சாமியார். மேலங்கியை மாட்டிக்கொண்டு அவரே கயிற்றைப் பிடித்து மணி அடித்தார், பிறகு வீட்டுக்கு வந்து எல்லார் முன்னாலும் அந்தப் பெண்ணின் தலையில் கைவைத்தார். சிலுவையில் தொங்கினவரே தன்னைக் கைவிட்டது ஏன் என்று கத்தியிருக்கிறார், அந்தக் கூச்சலும் ஜெபம்தான் என்று மட்டும் சொன்னார். சங்கீதங்களில் 88ஆம் சங்கீதம் என்று ஒன்று உண்டு. மற்றப் புலம்பல்களில் பெரும்பாலானவை கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது, இருட்டிலேயே முடியும். அன்றிரவு சாமியார் வாசிக்க எடுத்தது அதைத்தான். யாரோ முகம் சுளித்தார்கள். அந்தப் பெண் மட்டும், இப்படியும் வேதத்தில் எழுதியிருக்கிறதா என்பதுபோலப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு அவன் கல்லறைக்குப் போகும் வழியில் அழுதார். இதைத் தவக்காலத்தில் கேட்கிறோம், கேட்டுவிட்டுத் துக்க வீட்டில் போய் அழாதே என்கிறோம். சிலுவைப் பாதையின் எட்டாம் ஸ்தலத்தில், அடிபட்டு ரத்தம் ஒழுக நடந்துகொண்டிருப்பவர்தான் அழுகிற பெண்கள் பக்கம் திரும்பி அவர்களோடு பேசுகிறார். ஆறுதல் சொல்கிறவர் கரையில் நிற்க, கேட்கிறவர் வெள்ளத்தில் கிடக்கிறார் என்றுதான் நாம் நினைக்கிறோம். எங்கள் தெருக்கோடிப் பெண்ணும், பாயும், அம்மாவும், எட்டாம் ஸ்தலத்துக்காரரும் யாரும் கரையில் நின்றவர்கள் இல்லை.

கொரோனா இந்த வழியையெல்லாம் அடைத்தது. 2020 மார்ச் 27 சாயங்காலம், மழையில் நனைந்த வெறும் சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனியாக நடந்து வந்ததைக் கைபேசியில் பார்த்தோம். 1522இல் ரோமையில் கொள்ளைநோய் வந்தபோது தெருத்தெருவாகத் தூக்கிப்போன பாடுபட்ட சுரூபத்தை அன்று அங்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. “ஆளே இல்லாத எடத்துல நின்னு யாருக்குய்யா சொல்றாரு” என்று கேட்டுவிட்டு, கடைசிவரை கைகூப்பியபடி பார்த்தாள். ஏப்ரல் 12 ஈஸ்டருக்குக் கோயில் பூட்டியிருந்தது. தண்ணீர் பிடித்துக்கொடுக்கக்கூட அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது என்ற காலம்.

இரண்டாவது அலையில், 2021 மே மாதம், என்னோடு வேலை பார்த்த டீச்சரின் கணவர் இறந்தார். டீச்சருக்கும் தொற்று, வீட்டு அறையில் தனியாக இருந்தார். மகன் சென்னையில். தமிழ்நாட்டில் பல ஊர்களிலும் அந்த மாதங்களில் எந்த மதத்தவராயிருந்தாலும் எடுத்து அடக்கம் செய்தவர்களில் இஸ்லாமியத் தன்னார்வலர்கள் நிறைய. இங்கேயும் கவச உடை போட்ட நாலு இளைஞர்கள்தான் பையில் சுற்றிய உடலை இறக்கினார்கள். அதில் ஒரு பையன் மகனுடைய எண்ணுக்குப் போன் போட்டான். “அண்ணே, ஒங்க சாமியார் வர முடியலைன்னாங்க. நீங்க ஏதாச்சும் சொல்லணும்னா சொல்லுங்க, நாங்க நிக்கிறோம்.” மகனால் பேச முடியவில்லை. டீச்சரையும் என்னையும் அழைப்பில் சேர்த்துவிட்டு, “அத்தை, நீங்க சொல்லுங்க” என்றான்.

அடக்கச் சடங்கின் ஜெபங்கள் எனக்கு மனப்பாடம் இல்லை. அந்தப் பையன் ஸ்பீக்கரைப் போட்டுக் குழியோரம் நீட்டியிருந்தான். காற்று இரைந்தது, மண்வெட்டிச் சத்தம் நின்றிருந்தது. டீச்சரின் மூச்சு காதில் விழுந்தது. எனக்கு வாயில் வந்தது சேசு மரி சூசை ஒன்றுதான். சொன்னேன். டீச்சர் திருப்பிச் சொன்னார். மகன் சொன்னான். எத்தனை தடவை சொன்னோமோ, பையன் அவசரப்படுத்தவேயில்லை. முடிந்தது என்று நான் சொன்ன பிறகு, “மண்ணு தள்ளலாமா அம்மா?” என்று அனுமதி கேட்டான். இதை அன்றிரவு அம்மாவிடம் சொன்னபோது அவள் கேட்டது, “அந்தப் பிள்ள பேகம்பூரா?” எனக்குத் தெரியவில்லை. இருக்கும் என்றேன்.

அதன்பிறகு பல மாதம் டீச்சர் கோயிலுக்கு வரவில்லை. நான் வற்புறுத்தவில்லை. சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் போடுவேன். சில நாள் செபமாலை, சில நாள் பள்ளிக்கூடத்துப் பேச்சு, சில நாள் இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் அவரவர் சமையலைப் பார்த்துக்கொண்டு போனை வைக்காமல் இருப்போம். ஒரு நாள் அவர் கடவுளைத் திட்டினார். நான் மறுத்துப் பேசவில்லை.

அம்மா இப்போது வீட்டைவிட்டு இறங்குவதில்லை. வாரம் ஒரு வீட்டுக்கு நானும் டீச்சரும் போகிறோம். அவராகத்தான் வருகிறேன் என்றார். போன மாதம் சின்னாளபட்டிப் பக்கம், பதினேழு வயதுப் பையனை விபத்தில் இழந்த வீடு. தாய்க்காரி எங்களைப் பார்த்ததும், “சொல்லுங்க, என் புள்ளைய ஏன் எடுத்தாரு? கோயில்ல இருந்துதான வர்றீங்க, சொல்லுங்க” என்று கத்தினார். நான் வாயெடுப்பதற்குள் டீச்சர் தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எனக்குத் தெரியலம்மா. நானும் அவர அதான் கேட்டுட்டு இருக்கேன்.”

அந்தப் பெண் சற்று நேரம் டீச்சர் முகத்தையே பார்த்தார். பிறகு, உங்களுக்கு யார் என்று கேட்டார். டீச்சர் சொன்னார். அந்தப் பெண் பையனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார், அவன் கபடி, அவன் கடனில் வாங்கிய போன், சாம்பாரில் முருங்கைக்காய் கிடந்தால் அவன் போடும் சண்டை. ஒன்பது மணிக்குத்தான் எழுந்தோம். அதற்குள் பஸ் போய்விட்டிருந்தது. பையனின் அப்பா ஆட்டோ கூட்டி வந்து ஏற்றிவிட்டு, அடுத்த வாரமும் வருவீங்களா என்று கேட்டார். வருவோம் என்றோம்.